இரண்டு முடிச்சு டியூப்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி நம் டாக்டரம்மா என்னைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. நான் அஞ்சாவது பாதியில் நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு காலைப்பொழுது ஆகிவிடுகிறது. ஆகட்டும், ஓய்வு பெற்றவளுக்கு என்ன அவசரம். எழுத்துப் பிழையை அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக் கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

ஏற்காட்டில் இந்த ஆஸ்பத்திரி லேபுக்கு நான் வந்தது கண்ணாடி கழுவும் வேலைக்கு. கழுவிக் கழுவி டியூபைப் பிடிக்கக் கற்றேன். பிடித்துப் பிடித்து அதற்குள் இருப்பதைப் பார்க்கக் கற்றேன். பத்து வருஷத்தில், எம்.எஸ்.சி. படித்துவிட்டு வந்த பிள்ளைகள் டியூபைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "சவேரியம்மா, இது ஒட்டியிருக்கா, இல்லையா?" நான் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்துச் சொல்வேன். சொன்னது தப்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை ஒருமுறை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் விஷயம்.

ஆன்டிபாடி என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்கு டாக்டரம்மா சொன்ன விதம் வேறு. ரத்தத்தில் ஒவ்வொரு செல்லும் தன் மேல் நகை போட்டிருக்கிறது. புரதத்தால் செய்த நகை. ஒருவருக்கு மூக்குத்தி இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. ஆன்டிபாடி என்பது ஒரே ஒரு நகையை மட்டும் கண்டுபிடிக்கிற ஆள். மூக்குத்தியைத் தேடுகிற ஆன்டிபாடிக்குக் கம்மல் கண்ணில் படாது. தேடிய நகை கிடைத்தால் ஒரு கையால் ஒரு செல்லையும் மறு கையால் இன்னொரு செல்லையும் பிடித்துக் கொள்ளும். எல்லாம் சேர்ந்து கட்டிக் கொள்ளும். அதைத்தான் நாம் 'ஒட்டியிருக்கிறது' என்கிறோம். நகை இல்லாவிட்டால் ரத்தம் சிவப்புத் தண்ணீராகவே நிற்கும்.

இந்த நகை கடையில் வாங்குவதல்ல. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வர வேண்டும். இரண்டு பேரிடமும் இல்லாத நகை பிள்ளையிடம் இருக்க முடியாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக் கொள்ளுங்கள்.

சில வருஷத்துக்கு முன் சென்னையிலிருந்து நித்யா என்று ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். இந்த மலையில் சில குடும்பங்களில் ஓர் அபூர்வமான நகை தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. தலைச்சோலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் முகாம் போட்டோம். எந்த ஊர் என்று தேடாதீர்கள். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்தோம். சும்மா கொடுப்பார்களா? கொடுத்தவர்களுக்கெல்லாம் ரத்த குரூப் எழுதிய அட்டை தருவதாகச் சொல்லியிருந்தோம். குடும்பத்துக்கு ஓர் அட்டை, அதில் எல்லோருடைய பெயரும் வரிசையாக. தனித்தனியாகக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், ஒன்றாக இருந்தால் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைப்பார்கள் என்று யோசனை சொன்னதே நான்தான்.

முகாமில் ரத்தம் எடுப்பது என் வேலை, டியூபுக்கு நம்பர் ஒட்டுவது நித்யாவின் வேலை. அதற்கு மேல் எனக்கென்று ஒரு வழி உண்டு. குடும்பத்துக்கு ஒரு நிற நூல். அப்பா டியூபுக்கு இரண்டு முடிச்சு, அம்மா டியூபுக்கு ஒரு முடிச்சு, பிள்ளைகளுக்கு முடிச்சில்லாத நூல். நம்பர் அழிந்தாலும் என் நூல் அழியாது. நித்யா முதல் நாள் இதைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் நாள் அவளே நூல் கண்டு வாங்கி வந்தாள்.

முகாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை. காலையிலேயே அட்டைக் கட்டு ஊருக்குப் போய்விட்டது. பழுப்புத்தாள் சுற்றி, நூல் போட்டு நானே கட்டி, பால் வண்டியில் அனுப்பினேன். அந்த ஊரில் சுகாதார வேலைகளுக்கு ஒத்தாசை செய்கிற பழனியம்மா என்பவரிடம் அது போய்ச் சேரும். மறுநாள் ஞாயிறு ஊர்க்கூட்டம் இருந்தது. எல்லோரும் கூடியிருக்கும்போது பெயர் வாசித்து அட்டை கொடுப்பதாக ஏற்பாடு.

நித்யாவுக்கு வேண்டிய அந்த அபூர்வ நகைக்கான ஆன்டிபாடி சென்னையிலிருந்து தாமதமாகி, அந்த வாரம்தான் வந்திருந்தது. சனிக்கிழமை மதியம் அவள் கடைசிக் குடும்பங்களைப் பார்த்துக் கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"சவேரியம்மா, இந்தப் பச்சை நூல் குடும்பத்தைக் கொஞ்சம் பாருங்களேன்."

மூன்று டியூப். குமரேசன், அவன் மனைவி சாந்தி, மூன்று வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் டியூபில் ரத்தம் நன்றாகக் கட்டியிருந்தது. தாயின் டியூபில் இல்லை. இரண்டு முடிச்சு போட்ட டியூபிலும் இல்லை.

"குழந்தைக்கு இருக்கு. மத்த ரெண்டு பேருக்கும் இல்ல" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது." அவள் குரல் இறங்கிவிட்டது. குரூப் நோட்டை எடுத்துப் புரட்டினாள். "அம்மா ஓ. அப்பா ஏ. குழந்தை பி." நோட்டை மூடினாள். "ஓவுக்கும் ஏவுக்கும் பி பொறக்காது, சவேரியம்மா. இதை ஏன் யாருமே சேர்த்து வச்சுப் பார்க்கலை?"

யார் பார்ப்பது? குரூப் பார்த்தவர்கள் டியூப் டியூபாகப் பார்த்தோம். அட்டை எழுதிய பெண் வரி வரியாக எழுதினாள். குடும்பமாக ஒருவரும் பார்க்கவில்லை.

"டியூப் மாறியிருக்குமோ?" என்று கேட்டாள் நித்யா.

எனக்குச் சுரீர் என்றது. "என் கையில மாறாது கண்ணு. பச்சை நூலு, ரெண்டு முடிச்சு. நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"இல்ல, ஒருவேளை..."

"ஒருவேளையும் கிடையாது. இத்தனை வருசத்துல ஒரு டியூப் மாத்தி வச்சிருப்பனா, ஒண்ணைக் கீழ போட்டு ஒடச்சிருப்பனா? கேட்டுப் பாரு யாரையாவது."

நான் சொன்னது உண்மை. டியூப் மாறவில்லை. ஆனால் பிள்ளைகளே, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கவனியுங்கள். டியூப் மாறவில்லை என்று நான் அடித்துச் சொன்னபோது, சாந்தி தப்பானவள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். என் பெருமையைக் காப்பாற்றிக் கொள்ள, முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண்ணின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டேன். போட்டது எனக்குத் தெரியக்கூட இல்லை. நித்யா முகம் வெளுத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

"அட்டை ஊருக்குப் போயிடுச்சே" என்றாள். "ஓ, ஏ, பி. மூணும் ஒரே அட்டையில, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. பிளஸ் டூ படிக்கிற பசங்களுக்கே இது தெரியும்மா."

இன்னொன்றும் இருந்தது. அட்டையை வைத்திருக்கும் பழனியம்மா வேறு யாருமல்ல, குமரேசனின் கூடப் பிறந்த அக்கா. நாத்தனார். தான் பார்த்து வைத்த பெண்ணைத் தம்பி கட்டாமல் சாந்தியைக் கட்டினான் என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று முகாம் அன்றே எங்கள் காதில் விழுந்திருந்தது. குரூப் சமாச்சாரமும் அவருக்குத் தெரியும், பயிற்சிக்குப் போய் வந்தவர்.

டாக்டரம்மாவிடம் ஓடினோம். வார்டிலிருந்து வெளியே வந்து நின்றபடியே கேட்டார்.

"போன் பண்ணி, பிரிக்காதீங்கன்னு சொல்லிடலாமா?" என்றாள் நித்யா.

"சொன்னா அந்த நிமிஷமே பிரிச்சிடுவாங்க" என்றேன் நான்.

"அந்த ஒரு குடும்பத்தோட அட்டையை மட்டும் எடுத்துட்டா?"

"ஊருக்கெல்லாம் வந்துச்சு, இவங்களுக்கு மட்டும் வரலைன்னா ஊரு சும்மா இருக்குமா கண்ணு?"

நித்யா தயங்கித் தயங்கி மூன்றாவது வழியைச் சொன்னாள். "அப்பா குரூப்பை 'பி'ன்னு மாத்தி எழுதி..."

டாக்டரம்மா அவளை முடிக்க விடவில்லை. "அந்த அட்டையை நம்பி ஒருநாள் அவருக்கு ரத்தம் ஏத்துவாங்க, நித்யா. ஆஸ்பத்திரியில மறுபடி பார்ப்பாங்கதான். பார்க்க நேரமில்லாத நாள்னு ஒண்ணு வரும்." பிறகு எங்களை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, நோட்டைக் கேட்டு வாங்கினார். "இவர் யாரு? என்ன வேலை?"

நித்யா படிவத்தைப் பார்த்து வாசித்தாள். "குமரேசன், வயது முப்பத்திரண்டு, தொழில் மிளகு பறிப்பு."

எனக்குள் ஏதோ இடறியது. "என்ன வேலை? மறுக்காச் சொல்லு."

"மிளகு பறிப்பு."

உங்களில் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். இங்கே மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தின் மேல் முப்பது, நாற்பது அடி ஏறிப் போகும். பறிக்கிறவன் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, அதன் கணுவில் கால் வைத்து ஏறுவான். ஒரு கை மரத்தைக் கட்டிக் கொள்ளும், மறு கை பறிக்கும். வருஷக்கணக்காக மரத்தைக் கட்டிக் கட்டி, அவன் முன்கை உட்புறம் பலாத்தோல் மாதிரி ஆகிவிடும். அங்கே நரம்பு தேடுவது பெரிய பாடு. மூன்று விரலால் அழுத்தி அழுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முகாம் அன்று குளிர். வந்த ஆண்கள் எல்லாம் தலையில் குல்லாயும் மூக்கு வரை சுற்றிய துண்டுமாக வந்தார்கள். "குமரேசன்" என்று கூப்பிட்டேன். "வந்துட்டனுங்க" என்று ஒருவன் உட்கார்ந்து கையை நீட்டினான். முகத்தை நான் பார்க்கவில்லை. எப்போதும் கையைத்தான் பார்ப்பேன். அந்தக் கை இப்போது ஞாபகத்துக்கு வந்தது. வழவழப்பான கை. நரம்பு தானாக எழுந்து நின்றது. அப்புறம் இடது ஆள்காட்டி விரல் நுனியில் குத்துக் குத்தாகச் சின்னப் புள்ளிகள். ஊசி குத்தின தழும்பு.

"டாக்டரம்மா, டியூப் மாறலை. ஆளு மாறிட்டான்" என்றேன். "அன்னிக்கு நான் ஊசி போட்ட கை மரம் ஏறுற கை இல்லீங்க. தையக்காரன் கை."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. முடிச்சு போடுவதில் அவ்வளவு கவனமாக இருந்தவள், யாருக்கு முடிச்சு போடுகிறோம் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆன்டிபாடி பொய் சொல்லாது. ஆனால் டியூபுக்குள் இருப்பதைப் பற்றி மட்டும்தான் சொல்லும். டியூபுக்குள் இருப்பது யார் என்பதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நித்யா எழுந்தேவிட்டாள். "அப்போ பிரச்சினையே இல்லை! போய் அவர்கிட்ட மறுபடி ரத்தம் எடுத்தா..."

"உட்காரு" என்றார் டாக்டரம்மா. "போறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணணும். அவரோட ரத்தத்தையே எடுத்துப் பார்த்து, அப்பவும் இதே பதில் வந்தா என்ன செய்வோம்?"

நித்யா மறுபடி உட்கார்ந்தாள்.

"பதில் தெரிஞ்சப்புறம் யோசிச்சா, தெரிஞ்ச பதிலுக்குத் தகுந்த மாதிரிதான் யோசிப்போம். இப்பவே முடிவு பண்ணுங்க. நீங்க போறது அந்தப் பொண்ணு நல்லவளான்னு பார்க்க இல்லை. யாருக்கு எந்த ரத்தம்னு சரியா எழுதத்தான். பதில் எதுவா இருந்தாலும் குடும்ப அட்டை இனிமே கிடையாது. ஆளுக்கு ஒரு அட்டை, மூடின கவர்ல, அவங்கவங்க கையில. அட்டைக் கட்டை முழுசாத் திரும்ப வாங்கிட்டு வாங்க. என்ன காரணம் சொல்றது?"

காரணம் எனக்கு உடனே தோன்றியது. தோன்றியதும் வாய்க்குள் கசந்தது. ஆனால் வேறு காரணம் இருக்கவில்லை.

"ஒரு வரிசை டியூபை நான் கீழ போட்டு ஒடச்சிட்டேன்னு சொல்றேனுங்க. நம்பர் கலைஞ்சு போச்சு, எல்லா அட்டையும் சரிபார்க்கணும்னு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என்னை அத்தனை வருஷமாகத் தெரிந்தவர். "சரிங்களா, சவேரியம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"சரிங்க."

ஆஸ்பத்திரி ஜீப்பில் போனோம். வெள்ளக்கடை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. வழியெல்லாம் நித்யா என் கையைப் பிடித்தபடி வந்தாள். நான் அந்தக் கட்டை நினைத்துக் கொண்டிருந்தேன். பழனியம்மா பிரித்திருந்தால் நாங்கள் போவதே வீண்.

வாசலில் எங்களைக் கண்டதும் பழனியம்மா, "ஏனுங்க, அட்டைதான் வந்துடுச்சே, ஆளும் வேற வரணுமா?" என்று சிரித்தபடி வரவேற்றார். கட்டு பீரோ மேல் இருந்தது. நான் நூலைப் பார்த்தேன். நான் முடிச்சைச் சுற்றி நுனியை உள்ளே செருகுவேன். செருகினது செருகினபடி இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

காரணத்தைச் சொன்னேன். அக்கம்பக்கத்தில் மிளகு காயவைத்துக் கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள்.

"கீழ போட்டுட்டீங்களா? ஒரு வரிசையா?" பழனியம்மா இடுப்பில் கை வைத்தார். "அன்னிக்கு எங்க புள்ளைக டியூபைத் தொடப் போனப்ப என்ன சொன்னீங்க? 'தள்ளு தள்ளு, என் கையில ஒண்ணுகூட ஒடஞ்சதில்லை'ன்னு நொம்பப் பீத்திக்கிட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழவர், "வயசாயிடுச்சுல்ல, கை நடுங்கும். உடு பழனி" என்றார். அது சிரிப்பைவிட மோசம். நித்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"ஆமாங்க, கை நடுங்கிப் போச்சு" என்றேன்.

"சரி, எவனெவன் ரத்தம் போச்சு?"

இங்கே ஒரே ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் மட்டும் தனியாக நின்றுவிடும். நான்கு ஆண்களின் பெயரைச் சொன்னேன். குமரேசன் பெயர் மூன்றாவது. மற்ற மூன்று பேருக்கும் அன்று அநாவசியமாக ஊசி குத்தினேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இதைவிட நல்ல வழி தோன்றினால் அதைச் செய்யுங்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் கடுங்காப்பி டம்ளரோடு வந்தாள். "உடுங்கக்கா. கண்ணாடின்னா என்னிக்காச்சும் ஒடயத்தான் செய்யும். அதுக்குப் போயி இத்தனை பேச்சா? குடிங்க, வெரச்சுப் போயி வந்திருக்கீங்க." சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒரு பெண் குழந்தை.

அவள்தான் சாந்தி.

அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள். நித்யாவின் கண் குழந்தையின் முகத்துக்குப் போனதைப் பார்த்தேன். "டப்பாவை எடு கண்ணு" என்று அவளைத் திருப்பினேன். ஜாடை தேடுவது நம் வேலை இல்லை.

இரண்டு பேரிடம் எடுத்து முடிந்தது. குமரேசன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். ஆறடி ஆள், நல்ல உடம்பு. முன்கை இரண்டும் பலாத்தோல்தான். என் தட்டில் ஊசியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நாளைக்கு எடுத்துக்கலாமுங்களா? இன்னும் ரெண்டு மரம் கெடக்குது."

"மரம் எங்கியும் போகாது சாமி. எம்புட்டு மிளகு பறிச்சிருக்கே, காட்டு பார்க்கலாம்" என்று அவனைக் களத்தின் கோடிக்குக் கூட்டிப் போனேன். காது எட்டாத தூரம் வந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"அன்னிக்கு என்கிட்ட கை நீட்டுனது நீ இல்லைதானே?"

மிளகைப் பார்த்தபடியே நின்றான். காது மட்டும் சிவந்தது.

"ஆருங்க சொன்னது?"

"ஆரும் சொல்லலை. கை சொல்லுச்சு. எந்தத் தையக்காரனை அனுப்புனே?"

கொஞ்சம் மிளகை அள்ளிக் கையில் உருட்டியபடி சொன்னான். "வெள்ளக்கடைல சிநேகிதன் ஒருத்தனுங்க. ஊசியோட பொழைக்கிறவன், பயப்பட மாட்டான்னு என் குல்லாயும் துண்டும் போட்டுக் கூட்டியாந்தேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. "ரத்தத்தைக் கண்டா எனக்கு ஆகாதுங்க. பாப்பா பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்லயே மயங்கி உழுந்துட்டேன். ஒரு வருசம் இந்த ஊரே சிரிச்சுது. எங்கக்கா இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கும். அதுக்கு மேல இதையும் எல்லாரு முன்னாடியும்... சாந்தி பாப்பாவோட முன்னாடியே குடுத்துட்டுப் போயிடுச்சு, அதுக்குக்கூடத் தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம். ஆனா உன் பேருல அவன் ரத்தத்தை எழுதி வச்சா, நாளைக்கு நீ மரத்துலருந்து உழுந்தா உனக்கு எதை ஏத்துவாங்க?"

அது உண்மையான காரணம்தான். நான் சொல்லாத காரணம் களத்தின் மறுகோடியில் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக் கொண்டிருந்தது.

"இங்கியே எடுப்பீங்களா? ஆரும் பார்க்காம?"

"இங்கியே. உக்காரு. என்னைப் பார்க்காதே, உன் ஏணியைப் பாரு. எத்தனை கணு இருக்குதுன்னு எண்ணிச் சொல்லு."

அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. மரத்தில் சாய்த்திருந்த ஏணியின் உச்சி பனியில் மறைந்திருந்தது. பதினொன்றில் ஊசி உள்ளே போயிற்று. பதினாறில் வெளியே வந்தது. "முடிஞ்சுதா?" என்றான், நம்பாமல். பின் நான் முகத்தை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தேன். பெயர் கேட்டேன், தகப்பன் பெயர் கேட்டேன். பச்சை நூலை எடுத்து இரண்டு முடிச்சு போட்டேன்.

லேபுக்குத் திரும்பியபோது மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. டாக்டரம்மா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் குரூப் பார்த்தோம். பி.

நித்யா என்னைப் பார்த்தாள். "அது மட்டும் போதாது. நீ தேடுற நகையையும் பாரு" என்றார் டாக்டரம்மா.

சென்னையிலிருந்து வந்த அந்தச் சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தோம். முடிவு எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் போயிருந்தோம். இருந்தாலும் என் மனசு சும்மா இருக்கவில்லை. எனக்குக் காப்பி கொடுத்தவள் அவள். டியூபை என்னிடம் நீட்டினாள் நித்யா.

"நீயே பாரு கண்ணு" என்றேன். அன்று உண்மையிலேயே என் கை நடுங்கியது.

அவள் ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பார்த்தாள். இன்னொரு தரம் சாய்த்தாள். "ஒட்டிக்கிச்சும்மா" என்றாள். "நல்லா ஒட்டிக்கிச்சு." அவ்வளவுதான், உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் தேடி வந்த நகை தகப்பனிடமிருந்து மகளுக்கு இறங்கியிருந்தது. ஆராய்ச்சிக்கும் அது நல்ல சேதி. ஆனால் அவள் அழுதது அதற்காக அல்ல என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "'பழைய டியூப்ல இருந்தது வேற ஆள் ரத்தம், தள்ளுபடி'ன்னு எழுது. இங்க உண்மையைத்தான் எழுதணும். யாரு, ஏன்னு வேண்டாம்." அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க, அட்டை எழுதலாம்" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து ஆளுக்கொரு அட்டையாக எழுதினோம். நான் கவர் ஒட்டினேன். மறுநாள் ஊர்க்கூட்டத்தில் அவரவர் கையில் கொடுத்தோம். "ஒரு ஊட்டுக்கு நாலு கவரா? வெட்டிச் செலவு" என்றார் பழனியம்மா.

இப்போது நீங்கள் மூடின கவரில் ஆளுக்கொரு அட்டை கொடுக்கிறீர்களே, அது அன்று வந்த வழக்கம். ரத்தம் எடுக்கும் முன் முகத்தைப் பார்த்து, பெயரும் தகப்பன் பெயரும் கேட்கிறீர்களே, அதுவும் அன்று வந்ததுதான். 'இதெல்லாம் எதுக்கு, வேலை தாமதமாகுது' என்று உங்களில் ஒருத்தி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கண்ணு, உன்மேல் கோபமில்லை. நீ தெரிந்து கொள்ள வேண்டும் என்றுதான் இத்தனை காலைப்பொழுது உட்கார்ந்து எழுதினேன். நீ மேசைமேல் பார்ப்பது ஒரு டியூப். அதன் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வீடு வரும்.

பழனியம்மா வாய் சும்மா இருக்குமா? நான் ஒரு வரிசை டியூபை உடைத்த கதை மலை முழுக்கப் போய், ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் நான் தட்டைத் தூக்கினாலே, "பார்த்து சவேரியம்மா, பார்த்து" என்பார்கள். மருந்துக் கடைப் பையன்கூடச் சொல்வான். நான் ஓய்வு பெற்ற நாளில் எல்லோருமாகச் சேர்ந்து சேலை வாங்கிக் கொடுத்தார்கள். கூடவே கலர் காகிதம் சுற்றி ஒரு பெட்டி. பிரித்தால், பன்னிரண்டு பிளாஸ்டிக் டியூப். "இது கீழ விழுந்தாலும் உடையாதும்மா" என்று ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் கொண்டார்.

அந்தப் பிளாஸ்டிக் டியூப்களில் இப்போது கொத்தமல்லி விதையும் கீரை விதையும் போட்டு வைத்திருக்கிறேன். நல்லபடியாக உதவுகிறது.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் விட்ட நாள் வரை, நான் ஒரு டியூப்கூட உடைத்ததில்லை. இந்த வரியை உங்களுக்காக ஒருமுறை எழுதிவிட்டேன். வெளியில் யாராவது கேட்டால், சவேரியம்மா ஒரு வரிசையே உடைத்தாள் என்றுதான் நீங்கள் சொல்ல வேண்டும்.